ரூம் டோன், டேக் மூன்று

முதல் குற்றம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு மார்ச்சில், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்க ரப்பர் கையுறை கேட்ட நான்கு பேரை, கேட்ட அன்றே தோல் கம்பெனி வேலையை விட்டு நிறுத்தியது. இரண்டாவது குற்றம், எண்பத்தெட்டில், அந்த நான்கு பேரின் மனுவைத் தொழிலாளர் அதிகாரி பதினொரு மாதம் மேசையிலேயே வைத்திருந்துவிட்டு, பன்னிரண்டாம் மாதம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனது. மூன்றாவது, எண்பத்தொன்பதில், தோல் ஊறிய தண்ணீரை ஆற்றில் திறந்துவிட்டு, ஊர்க்கிணறு டீ நிறத்துக்கு மாறியபோது அது மண்ணின் குணம் என்று சான்றிதழ் கொண்டுவந்து காட்டியது. நான்காவது, தொண்ணூற்றொன்று அக்டோபர் பதினான்கு, சங்கத்துக்குள் இருந்த ஒருவனே காட்டிக்கொடுத்தது. ஐந்தாவது, அதே நாள் சாயங்காலம் ஏழரை மணிக்குச் சைக்கிள் கடைக் கொட்டகைக்குள் போலீஸ் புகுந்து பதினொரு பேரையும் துண்டறிக்கைக் கட்டையும் அள்ளிக்கொண்டு போனது. கடைக்காரர் சுந்தரேசனுக்கு இடது காது போனது. ஆறாவது, தொண்ணூற்றாறில், கழிவுத் தொட்டி விஷவாயுவில் தோழர்கள் இருவர் செத்தது. ஏழாவது, இரண்டாயிரத்து மூன்றில், மேலிடத்துத் தலைவர்கள் முதலாளிகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, எதிர்த்துப் பேசியவனைச் சங்கத்துப் படியே ஏறக்கூடாது என்றது. எட்டாவது, ஐந்து வருஷத்துக்கு முன், ஆற்றுப்பாலம் மறியலைப் படம் பிடித்த போலீஸ் வீடியோவில் நாற்பது நொடியை வெட்டிவிட்டு, பொன்னுரங்கம்தான் முதல் கல்லை எறிந்தார் என்று நீதிமன்றத்தில் ஓட்டிக்காட்டியது. இந்த எட்டும் பொன்னுரங்கத்துக்குத் தூக்கத்திலும் வரிசை பிசகாமல் வரும். எந்தத் துண்டறிக்கை எழுத உட்கார்ந்தாலும் ஒன்றிலிருந்துதான் தொடங்குவார். காரணம் முன்னால், விளைவு பின்னால், அதுதான் தர்க்கம் என்பார். இன்று, பகல் பதினொன்றரை மணிக்கு, மின்விசிறி நிறுத்தப்பட்ட ஒரு குடியிருப்பு வாரிய அறையில், வாயைத் திறக்கக் கூடாத நிலையில் நின்றுகொண்டு மனசுக்குள் அதே வரிசையை ஒப்பித்துக்கொண்டு வந்தவர் நான்காவதில் இடறினார். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். கையுறை, மனு, கிணறு. நான்கு. மறுபடியும் அங்கேயே நின்றது.

“ரூத்தம்மா வீடு, ரூம் டோன், டேக் ஒண்ணு” என்று மைக்கைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சினிமா வகுப்பில் கூடப் படிக்கிற தஸ்லிமா கையை மேலே தூக்கியிருந்தாள். அந்தக் கை இறங்கும்வரை யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது, தும்மக் கூடாது. அறுபது நொடி. ஆளில்லாத அறை என்றாலும் அதற்கென்று ஒரு சத்தம் உண்டு, சுவருக்கு, ஜன்னலுக்கு, வெளியே இருக்கிற வெயிலுக்குக்கூட உண்டு, பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் வெட்டுகிற இடத்தில் அதைப் பரப்பாவிட்டால் படம் பார்க்கிறவன் காதில் குழி விழுந்ததுபோல் இருக்கும் என்று முதல் பருவத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எடுத்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிஷம் ரூம் டோன் கொண்டுவராதவனுக்கு ஒலிக்கான மதிப்பெண்ணில் பாதி கிடையாது. முப்பது வருஷம் சங்க மேடைகளில் மைக்கைப் பிடித்துக் கத்தியவருக்கு, பேசாமல் நிற்பதற்கு மதிப்பெண் கொடுக்கிற படிப்பு வாய்த்தது. அறுபத்தொரு வயது. பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள அஞ்சல் வழியில் வாங்கிய ஒரு பி.ஏ. பத்தாயிரம் பேர் படிக்கிற அந்த அரசுப் பல்கலைக்கழகத்தில், கேன்டீனுக்குப் பின்னால், மூன்று கேமராவும் ஒரு ஸ்டூடியோவும் இருபத்தெட்டு மாணவர்களுமாக ஒரு துறை. நேர்காணலில், இந்த வயதில் ஏன் சினிமா என்று கேட்டார்கள். நாற்பது நொடி எங்கே போச்சுன்னு பாக்கணும் என்றார். மூன்று பேராசிரியர்கள் சிரித்தார்கள்; சுகிர்தா என்ற ஆசிரியை மட்டும் சிரிக்காமல் எதையோ எழுதிக்கொண்டார். நாற்பது நொடி எங்கே போச்சு என்பது இரண்டாவது வாரமே தெரிந்துபோயிற்று. அது ஒரு விசையை இரண்டு தடவை தட்டுகிற வேலை. வெட்டினால் வெட்டின இடம் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்த பிறகும் படிப்பை விடவில்லை. வகுப்பில் பிள்ளைகள் தலைவரே என்று கூப்பிட்டார்கள், பாதி கிண்டலும் பாதி நிஜமுமாக. அந்தப் பாதி நிஜத்துக்காகவே தினமும் இரண்டு பஸ் மாறிப் போனார். இப்போது கடைசிப் பருவம், பத்து நிமிஷ ஆவணப்படம், இயக்கம் அவர், கேமரா மதிவதனன், ஒலி தஸ்லிமா. பிரிட்ஜ் சத்தம் வராமல் அதையும் நிறுத்தியாயிற்று. கிளம்பும்போது திரும்பப் போட மறந்துவிடக் கூடாதென்று தஸ்லிமா தன் ஸ்கூட்டர் சாவியைப் பிரிட்ஜுக்குள் முட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். சாவி இல்லாமல் அவளால் கிளம்ப முடியாதல்லவா. ரூத்தம்மாளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. புத்திசாலிப் பாப்பா, எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், மறந்துடக் கூடாதுன்னா செருப்புக்குள்ள சீட்டு எழுதி வெப்பார் என்று சொல்லிச் சிரித்தார். வந்ததிலிருந்து அந்த அம்மாள் சிரித்தது அது ஒன்றுதான்.

எங்க வீட்டுக்காரர் என்றது ஏசுபாதத்தை. நான்காவது குற்றம். இந்த வீட்டுக்கு வந்தது பொன்னுரங்கத்தின் யோசனை அல்ல, தஸ்லிமாவுடையது. பல்கலைக்கழக நூலகத்தில் பழைய பேப்பர்களைப் புரட்டியவள் ஒருநாள் வந்து, தலைவரே, பேப்பர்ல தொட்டியில செத்தது மூணு பேர்னு போட்டிருக்கு, உங்க சங்கத்துக் கல்வெட்டுல ரெண்டு பேர்தானே இருக்கு, எண்ணத் தெரியாதா உங்களுக்கு என்று கேட்டாள். மூணாவது ஆள் உறுப்பினர் இல்லை என்றார். பொய் இல்லை, தொண்ணூற்றொன்று நவம்பரிலேயே நீக்கியாயிற்று. செத்த மத்த ரெண்டு பேர் குடும்பமும் வரமாட்டேங்கறாங்க, இவர் சம்சாரமாவது பேசறேங்கறாங்க என்றாள். சரி, போவோம் என்று சொன்னபோது தன்னுடைய பெருந்தன்மையில் தனக்கே ஒரு திருப்தி இருந்தது. துரோகியின் மனைவியைக்கூடத் தேடிப்போய்ப் பேட்டி எடுக்கிறவன். அந்தத் திருப்தி இன்று காலை பஸ்ஸில்கூட இருந்தது, பக்கத்து சீட்டுக்காரரிடம் தான் மாணவன் என்று அடையாள அட்டையை எடுத்துக்காட்டும்வரை இருந்தது. பேட்டி முக்கால் மணி நேரம் ஓடியது. பழைய நாட்களில் அண்ணா அண்ணா என்று டீ கொண்டுவந்து வைத்த ரூத்தம்மாள் இன்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சார் போட்டார். அழவில்லை, திட்டவில்லை. சங்கத்தை விட்டு நீக்கினதுக்கப்புறம் யாரும் அவர்கூட ஜோடி சேந்து வேலை செய்யமாட்டேன்னாங்க சார், தனியாளா செய்யற வேலைன்னு மேஸ்திரி தொட்டி கழுவ விட்டாரு சார் என்று, கடையில் சாமான் பட்டியல் சொல்வதுபோல் சொன்னார். கடைசியில் உள்ளே போய் வேதப்புத்தகத்தை எடுத்துவந்து, அதற்குள்ளிருந்து நாலாய் மடித்த ஒரு காகிதத்தைக் கொடுத்தார். இத வெச்சிருந்தாரு சார், என்னான்னு எனக்குப் படிக்க வராது, உங்களுக்கு ஆவுமான்னு பாருங்க.

பிரித்ததும் பொன்னுரங்கத்துக்கு நெஞ்சுக்குள் ஒரு குளிர் இறங்கியது, ஆனால் அது மகிழ்ச்சி. அக்டோபர் பதினான்கு துண்டறிக்கை. அவர் எழுதியது. ஆயிரம் அடித்ததில் தொள்ளாயிரத்தைப் போலீஸ் அள்ளிப்போயிற்று. மூன்று மணி ஷிப்டு மாறும்போது கேட்டில் கொடுத்த நூறை, கைது நடந்ததும் ஆளாளுக்கு அடுப்பில் போட்டார்கள். வழக்கு அடுத்த வருஷமே வாபஸ், சாட்சியப் பிரதியை வைத்து ஒட்டிய உறை கோர்ட்டில் பிரிக்கப்படவே இல்லை. அவரிடமே ஒரு பிரதி கிடையாது. தன் கட்டுரைத் தொகுப்பில் நினைவிலிருந்து எழுதித்தான் சேர்த்தார், ஒரு வரி மாறாமல் எழுதியிருப்பதாக முன்னுரையில் போட்டிருந்தார். இயக்குகிறவன் ஒரு ஷாட்டாவது தானே எடுக்க வேண்டும் என்பது துறையின் விதி. இத நான் எடுக்கறேன் என்று மதிவதனனை விலக்கிவிட்டு, ஜன்னலோர ஸ்டூலில் காகிதத்தை விரித்து, முக்காலியைத் தாழ்த்தி, கேமராவை நெருக்கி வைத்தார். நெருக்கத்தில் கண்ணை நம்பக் கூடாது, பொத்தானை அமுக்கினால் திரையில் படம் பத்து மடங்கு பெரிதாகும், எழுத்தின் விளிம்பு கத்திபோல் தெரியும்வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். எழுத்தைப் படிக்காதீங்க சார், எழுத்தைப் பாருங்க என்று சுகிர்தா மேடம் அவரிடம் நூறு தடவை சொல்லியிருப்பார். படிக்க ஆரம்பித்தால் போகஸ் போய்விடும். அதனால் படிக்கவில்லை. தன் வாக்கியங்களைப் பூச்சிகளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே தலைப்பிலிருந்து கீழே வந்தார், நடுவில் ஒரு புள்ளி மை சிந்தியிருந்தது, கீழே அவர் பெயர், அதற்கும் கீழே காகிதத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி மங்கலாக இருந்தது. வளையத்தைத் திருப்பினார். விளிம்பு கூர்மையானது. கமலா பிரஸ், 14, சந்தைக் கேட் தெரு. 1000 பிரதிகள். அதன் அடியில் பென்சிலால் யாரோ ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.

கட் என்று அவர்தான் சொன்னார். சொன்னதாக ஞாபகம். அதற்குப் பிறகு மதிவதனன் வந்து கேமராவை வாங்கிக்கொண்டது, தஸ்லிமா ரூம் டோன் எடுத்துடலாமா தலைவரே என்று கேட்டது, தான் தலையாட்டியது எல்லாம் அடுத்த வீட்டில் நடப்பதுபோல் நடந்தன. இப்போது அந்தக் கை மேலே நிற்கிறது. எத்தனை நொடி ஆகியிருக்கும், பத்தா, இருபதா. அச்சிட்ட இடத்தைக் காகிதத்தில் போடாதே என்று பிரஸ்காரனிடம் சொன்னோமா. சொன்னோம். சொல்லியிருப்போம். ஆனால் புரூப் வந்தது. ஈர வாசனையோடு வந்த அந்தப் புரூப்பைச் சைக்கிள் கேரியரில் வைத்தே திருத்தினார், ஒரு சந்திப் பிழைகூட விடமாட்டார் பொன்னுரங்கம் என்று பெயர், இரண்டு இடத்தில் ஒற்றுப் போட்டார், ஓரிடத்தில் ‘அடிவருடிகள்’ என்பதற்கு அடிக்கோடு போட்டுத் தடித்த எழுத்து என்று எழுதினார், கீழே அச்சிடலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தன் பெயர்வரை படித்தார். தன் பெயருக்குக் கீழே படிக்கவில்லை. சட்டப்படி பிரஸ் பெயர் போட வேண்டும் என்று கம்போசிட்டர் வழக்கம்போல் கோத்திருப்பான், அவனுக்கு என்ன தெரியும். மூன்று மணிக்கு நூறு காகிதம் கேட்டில் போனது. வேண்டாம் தோழர், காலைல மொத்தமா குடுக்கலாம் என்று ஏசுபாதம் சொன்னான். இவர்தான் சூடு ஆறக்கூடாது என்று அனுப்பினார். மூன்றரைக்கு ஒரு காகிதம் கம்பெனி ஆபீசில் இருந்திருக்கும், நாலரைக்கு ஸ்டேஷனில், ஆறுக்கு சந்தைக் கேட் தெரு பதினாலாம் நம்பரில். மீதிக் கட்டை எங்கேடா இறக்கினே என்று இரண்டு அடி போதும் பிரஸ்காரனுக்கு. அவன் அந்த வாரமே கடையை மூடிவிட்டு ஊரை விட்டுப் போனான். பயந்தாங்கொள்ளி என்று பேசிக்கொண்டார்கள். ஏழரைக்குக் கொட்டகை. காட்டிக்கொடுக்க ஆளே வேண்டியதில்லை. காகிதம் போதும். நெஞ்சு அடிக்கிற அடி அந்த மைக்கில் விழும்போல் இருந்தது. தஸ்லிமா கண்ணை மூடி ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவள் கேட்டுக்கொண்டிருப்பது அறையின் சத்தம் அல்ல, என் சத்தம்தான் என்று தோன்றியது. அந்த வரியை யார் பார்த்தார்கள்? ரூத்தம்மாளுக்குப் படிக்க வராது. மதிவதனன் அப்போது வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். பார்த்தது நான் ஒருத்தன். அந்த ஷாட்டில் கீழே நாலு விரற்கடை தள்ளிவிட்டுச் சட்டகத்தை ஏற்றினால் போதும். வெட்டவே வேண்டியதில்லை. போலீஸுக்காவது நாற்பது நொடி தேவைப்பட்டது. எனக்கு ஒரு வரி. இந்த எண்ணம் யாருடையது என்று திடுக்கிட்டார், வேறு யாரோ காதோடு சொல்லிவிட்டுப் போனதுபோல் இருந்தது. அதற்குள் வெளியே ஒரு ஷேர் ஆட்டோ நீளமாக ஹாரன் அடித்தது, தஸ்லிமாவின் கை இறங்கியது.

“போச்சு. முப்பத்தெட்டு நொடி போயிருந்துச்சு” என்றாள். மதிவதனன், அந்த ஆட்டோக்காரனுக்கு உதவி ஒலிப்பதிவுன்னு டைட்டில் குடுத்துடலாம் என்று சொல்லிச் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தலைவரே, வேர்த்துக் கொட்டுது, ஃபேன் போட்டுக்கலாமா ரெண்டு நிமிஷம் என்று கேட்டான். வேண்டாம் என்று கையைக் காட்டினார். கேமரா பக்கத்திலேயே இருந்தது, சின்னத் திரையில் கடைசி ஷாட் முதல் சட்டகத்தோடு நின்றுகொண்டிருந்தது, கட்டைவிரல் படுகிற தூரத்தில் குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தான். அமுக்கினால் கேட்கும், நிச்சயமா என்று. ஆமாம் என்று இன்னொரு தடவை அமுக்க வேண்டும். இரண்டு தட்டு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ரூத்தம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், உங்களுக்கு ஆச்சா சார் அந்தக் காயிதம் என்று கேட்டார். ஆச்சு என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. தஸ்லிமா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், காதை வைத்துப் பிழைக்கிறவளுக்குக் குரல் மாறினால் தெரியும், ஆனால் ஒன்றும் கேட்காமல் மறுபடி கையைத் தூக்கினாள். ரூத்தம்மா வீடு, ரூம் டோன், டேக் ரெண்டு. எல்லாரும் ஒரு நிமிஷம் அமைதி.

அமைதி வந்தது. பிரிட்ஜ் இல்லாத, மின்விசிறி இல்லாத அமைதிக்குள் தூரத்துக் குழாயடியில் குடம் மோதுகிற சத்தம். ஒரு காக்கா. பதினாலாம் நம்பர். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பென்சில் கோடு. அவனுக்கு எப்போது தெரிந்தது? கைது நடந்த அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஏசுபாதம் வீட்டுக்குப் போயிருந்தான், கொட்டகையில் இல்லை, அதுதான் சாட்சியம், அது ஒன்றுதான் சாட்சியம். கட்டு இறக்கிய இடம் சங்கத்தில் முன்கூட்டியே மூன்று பேருக்குத்தான் தெரியும், ஒருத்தன் நான், ஒருத்தர் காது போன சுந்தரேசன், மிச்சம் ஒருத்தன். காரணம் முன்னால், விளைவு பின்னால். இவ்வளவு சுத்தமான தர்க்கம் என்று ஜாமீனில் வெளியே வந்த அன்றே பெருமைப்பட்டுக்கொண்டார். எங்கேயோ துணி சரசரத்தது. பொன்னுரங்கம் நிமிர்ந்து பார்த்தார். ரூத்தம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னால் கோத்து, தலையைக் குனிந்து, கூட்டங்களில் ஜனங்கள் நிற்பார்களே அப்படி நின்றார். தஸ்லிமா கையை இறக்கினாள். ஏம்மா எழுந்துட்டீங்க, உக்காந்தே இருக்கலாம்மா என்று மெதுவாகக் கேட்டாள்.

“மௌன அஞ்சலி இல்லியா பாப்பா?”

“இல்லம்மா. இது ரூமோட சத்தத்தப் பதிவு பண்றது.”

“ரூமுக்கு ஏது சத்தம்?” என்று ரூத்தம்மாள் சுவரைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, “ஒரு நிமிஷம் அமைதின்னு சொன்னியா, அதான். வருஷா வருஷம் கல்வெட்டாண்ட சொல்லுவாங்க. நான் எதிர்ல டீக்கடை ஓரமா நின்னுக்குவேன், கிட்ட போறதில்ல. ஒரு நிமிஷம் ஆனதும் பேர் வாசிப்பாங்க. ரெண்டு பேர் வாசிச்சதும் கெளம்பிடுவேன்.” மதிவதனன் எதற்கோ கேமராப் பையைத் திறந்து உள்ளே தேட ஆரம்பித்தான். “பரவால்ல பாப்பா, நான் நின்னுக்கறேன். நின்னா கெட்டுப்போவாதில்ல உன் மிஷினு?” என்றார். தஸ்லிமா இல்லை என்று தலையாட்டினாள். அவள் பொன்னுரங்கத்தைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதற்கு அவள் பட்ட கஷ்டம் அவருக்குத் தெரிந்தது. கையைத் தூக்கினாள். டேக் மூணு.

இருபத்தைந்து வருஷமாக அந்தக் கல்வெட்டின் முன்னால் நின்று அந்தப் பெயர்களை வாசித்தவர் பொன்னுரங்கம்தான். இரண்டாயிரத்து மூன்றுக்குப் பிறகு சங்கம் உள்ளே விடவில்லை என்றாலும், அன்றைக்கு மட்டும் தனியாகப் போய், அவர்கள் முடித்துக் கிளம்பியபின் வாசித்துவிட்டு வருவார். இன்னொரு குரல் வாசித்தால் அவருக்கு ஆகாது. அப்போதெல்லாம் எதிரே டீக்கடை ஓரத்தில் ஒரு பெண்பிள்ளை நின்றிருக்கிறாள். நின்றிருப்பாள். எத்தனையோ பேர் நிற்பார்கள். கல்வெட்டு வாசகமும் அவர் எழுதியதுதான், சக தொழிலாளியை மீட்கத் தொட்டிக்குள் இறங்கி இன்னுயிர் ஈந்த தோழர்கள் என்று. முதலில் இறங்கிச் சுருண்ட ஏசுபாதம்தான் அந்தச் சக தொழிலாளி. அவனைத் தூக்க இறங்கினார்கள் மற்ற இருவரும், சங்கம் பேசாதே என்ற ஆளை, சேர்ந்து வேலை செய்யாதே என்ற ஆளை, மூச்சு நின்றதும் யோசிக்காமல் இறங்கித் தூக்கப்போனார்கள். அவனுடைய பெயரைப் போட்டுவிடலாமா என்று சுந்தரேசன் நல்ல காதை அவர் பக்கம் திருப்பிக் கேட்டபோது, சக தொழிலாளி போதும், அதுவே அதிகம் என்றார். அதுவே அதிகம். வாசகம் நன்றாக அமைந்துவிட்டதென்று இரண்டு பத்திரிகைகளில் பாராட்டினார்கள். தொண்ணூற்றொன்று நவம்பர். சங்க மாடி. நூற்று நாற்பது பேர், உட்கார இடமில்லாமல் படிக்கட்டு வரைக்கும் ஆள். பொன்னுரங்கம் எழுந்து தீர்மானத்தை வாசித்தார், நீதிமன்றத்தில் வாசிக்கிற மாதிரி முழுப் பெயர், தகப்பன் பெயர், உறுப்பினர் எண், குற்றம், முடிவு. மூலையில் அவன் எழுந்து நின்றான். பேசணும் தோழர் என்றான். கையைத் தூக்கியிருந்தான். அந்தக் கையில். இத்தனை வருஷமாக அந்தக் கை ஞாபகத்தில் இருக்கிறது, வெறும் கை என்றே ஞாபகம், இல்லை, வெறும் கை இல்லை, கையில் ஏதோ வெள்ளையாக இருந்தது, மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான் என்று அன்றைக்கு நினைத்தோமா, அல்லது இப்போது நினைக்கிறோமா. நாலாய் மடித்தது. மறந்துடக் கூடாதுன்னா செருப்புக்குள்ள சீட்டு வெப்பார். வெள்ளையாக இருந்தது. இருந்தது. அவன் காகிதத்தைப் பிரிக்கக்கூட ஆரம்பித்தான், ஒரு மடிப்பைப் பிரித்தான். இவர் சொன்னார், பேச வேண்டியதெல்லாம் அங்கயே பேசிட்டியே, இங்க என்ன மிச்சம்? மாடி குலுங்கச் சிரித்தார்கள். படிக்கட்டில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்று ஒருவருக்கொருவர் திருப்பிச் சொல்லிச் சொல்லி அந்தச் சிரிப்பு கீழே இறங்கிப்போயிற்று. நல்ல வசனம். எத்தனை வருஷம், எத்தனை பயிற்சி வகுப்புகளில், துரோகியை எப்படி ஒரே வரியில் உட்கார வைப்பது என்பதற்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறார். தொகுப்பின் முன்னுரையில்கூட இருக்கிறது. அவன் உட்கார்ந்தான். பிரித்த மடிப்பைத் திரும்ப மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். சிரிப்பு அடங்குவதற்குள் எழுந்து போனான். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இதே ஊரில், இதே தெருவில் எதிரும் புதிருமாக நடந்திருக்கிறோம். ஒருநாளாவது அவன் அந்தக் காகிதத்தை முகத்தில் விட்டெறிந்திருக்கலாம். கம்பெனியில் கொடுத்து என் பெயரை நாறடித்திருக்கலாம். வேதப்புத்தகத்துக்குள் வைத்தான். அது மன்னிப்பா, இல்லை இவனிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்ற முடிவா. கேட்க முடியாது. கையுறை, மனு, கிணறு. நான்காவது, தொண்ணூற்றொன்று அக்டோபர் பதினான்கு, மதியம், சைக்கிள் கேரியரில் வைத்து, கீழே ஒரு வரி படிக்காமல், அச்சிடலாம் என்று. ஐந்தாவது கொட்டகை. அதற்கும் ஆறாவதுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, சங்க மாடி, அது இந்த வரிசையிலேயே இல்லை, அதற்கு எண்ணே கொடுக்கவில்லை. எண் கொடுத்தால் எல்லாம் ஒவ்வொன்று தள்ளிப்போகும். தள்ளிப்போகட்டும். என் எதிரில் தலை குனிந்து நிற்கிற இந்த அம்மாள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. காக்கா போய்விட்டது. குழாயடியில் யாரும் இல்லை. அறையின் சத்தம் முதல் தடவையாக அவர் காதில் விழுந்தது, சன்னமாக, ரீங்காரமாகக்கூட இல்லாமல், யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பதுபோல. அடுத்த வாரம் கல்வெட்டு நாள். அங்கே போய்ச் சொல்லலாம். நாலு பேரைக் கலந்து, தீர்மானம் எழுதி, முறைப்படி. முறைப்படி என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குத் தன்னையே அடையாளம் தெரிந்தது. ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு. தஸ்லிமாவின் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன.

கை இறங்கியது. ஆனால் பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவள் நிறுத்துவதற்காக விரலைக் கொண்டுபோனபோது பொன்னுரங்கம் ஓரடி முன்னால் வந்து, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, கூட்டத்தில் வாசிக்கிறவன் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றார். அவள் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. ரூத்தம்மாள் இன்னும் தலை நிமிரவில்லை. ஒரு நிமிஷம் முடிந்தது அந்த அம்மாளுக்குத் தெரியும், முடிந்ததும் என்ன வரும் என்பதும் தெரியும், அதுவரை நிமிரக் கூடாது என்பதும் தெரியும். மதிவதனன் பையை மூடாமல் எழுந்து நின்றான். பொன்னுரங்கம் ஸ்டூலின் மேல் விரித்திருந்த காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். வாசிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை, கையில் ஏதாவது இருந்தால்தான் அவருக்குக் குரல் வரும். முப்பது வருஷத்துக்கு முன் மாடியில் வாசித்த அதே முறையில், அதே வரிசையில், அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் அந்தச் சிவப்பு விளக்குக்கும் கேட்கும்படி வாசித்தார்.

“தோழர் ஏசுபாதம். தகப்பனார் பெயர் சின்னப்பன். தோல் பதனிடும் தொழிலாளர் சங்கம், உறுப்பினர் எண் நாற்பத்தேழு.”